குடியை நிறுத்தும் முதல் வாரத்தில் வீட்டார் செய்ய வேண்டியவை

பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் ‘இன்றோடு விட்டுவிட்டேன்’ என்று சொன்னால், அவரை அறையில் வைத்துப் பூட்டிவிடாமல், முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கலாம். சிலருக்கு முதல் 2 நாட்களுக்குள் வலிப்பும், அதையொட்டி இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் மனக்குழப்பமும் வரக்கூடும். இதைப் பேய்க்கோளாறு என்று எண்ணி மந்திரிக்க அழைத்துப்போவோர் மதுரை வட்டாரத்தில் இன்றும் உண்டு. உயிருக்கே ஆபத்தான அந்நிலையில் 108-ஐ அழைப்பதே முறை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது.

கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்வது சிலருக்கு உறுதி தரும். ஆனால் அது சிகிச்சைக்கு மாற்று ஆகாது. அவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலந்து கொடுப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். குடியை விடவைக்க மருத்துவர் தரும் டைசல்ஃபிராம் மாத்திரை உடலில் இருக்கும்போது மது உள்ளே போனால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

குடி நின்ற பிறகும் வாரக்கணக்கில் முகம் வாடி, பேச்சுக் குறைந்து இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அகற்றிவிட்டு, 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அழையுங்கள். உறங்காமல் காவல் இருக்கும் மனைவியும் தாயும் தமக்காகவே அந்த எண்ணில் பேசலாம்.