கொசுவின் இனப்பெருக்க மரபணுக்கள்: அடிக்கடி நேரும் சறுக்கல்கள்

"இனப்பெருக்க மரபணுக்கள் மற்ற மரபணுக்களைவிட வேகமாகப் பரிணமிக்கின்றன." கொசுக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே இந்த வாக்கியத்தைச் சந்தித்துவிடுவார்கள். இது பொய் இல்லை. ஆனால் எந்த மரபணு, யாருடைய உடலில், எதோடு ஒப்பிட்டு என்று கேட்காமல் இதைப் பிடித்துக்கொண்டால், அதன்மேல் கட்டுவதெல்லாம் கோணலாகிவிடும்.

கொசு ஆணாக வளருமா, பெண்ணாக வளருமா என்பதை வழிநடத்தும் டபுள்செக்ஸ் என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். ஆண் கொசுவிலும் பெண் கொசுவிலும் இருப்பது ஒரே மரபணுதான். செல் அதன் நகலை வெட்டி ஒட்டும் விதம் மட்டும் இரு பாலிலும் வேறு. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுக்களில் இதன் பெண் வடிவத்துக்கான பகுதி ஒன்று கிட்டத்தட்ட மாறாமலே நீடிக்கிறது. மாறினால் பெண் மலடாகிவிடும், அந்த மாற்றம் அங்கேயே செத்துவிடும். இந்த இறுக்கத்தை நம்பித்தான் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த இடத்தைக் குறிவைத்து ஒரு ஜீன் டிரைவ், அதாவது பெரும்பாலான வாரிசுகளுக்கும் தானாகப் போய்ச்சேரும் மரபணுக் கருவி ஒன்றை, வடிவமைத்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், கூண்டில் வளர்த்த அனோபிலிஸ் காம்பியே கூட்டங்கள் 7 முதல் 11 தலைமுறைகளுக்குள் அழிந்துபோயின. இனப்பெருக்கத்துக்கு இதைவிட நெருக்கமான மரபணு வேண்டுமா? அது நகரவே இல்லை.

பாலைத் தீர்மானிக்கும் அதே பாதையின் மேல்முனைக்குப் போனால் காட்சி தலைகீழ். "இந்தக் கரு ஆணாகட்டும்" என்ற முதல் உத்தரவை, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டியில் தருவது நிக்ஸ் என்ற மரபணு. 2015இல் கண்டுபிடித்தார்கள். அனோபிலிஸ் காம்பியேயில் அந்த வேலையைச் செய்வது யாப் என்ற வேறொரு மரபணு. அனோபிலிஸ் ஸ்டீஃபென்சியில் கை1. சாவி மாறிக்கொண்டே இருக்கிறது, பூட்டு பழையதுதான். ஒரே பாதையில் உள்ள இரண்டு மரபணுக்களுக்கே இவ்வளவு வித்தியாசம் என்றால், "இனப்பெருக்க மரபணுக்கள்" என்று மொத்தமாகக் கட்டி ஒரு சராசரி வேகம் சொல்வதில் என்ன பயன்?

அடுத்த சறுக்கல், பழ ஈயில் தெரிந்ததைக் கொசுவுக்கு அப்படியே மாட்டிவிடுவது. இரண்டுக்கும் இரண்டு இறக்கைகள்தான், ஒரே வரிசைதான், சரி. ஆனால் இரண்டின் பாதைகளும் பிரிந்து ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பழ ஈயில் இணைசேர்ந்த பெண்ணின் நடத்தையை மாற்றும் செக்ஸ் பெப்டைடு என்ற சிறு புரதம் கொசுக்களில் காணப்படவில்லை. முட்டையின் மஞ்சள்கருவுக்குக் கொசு நம்பியிருப்பது விட்டலோஜெனின் என்ற புரதக் குடும்பத்தை. பழ ஈயின் மஞ்சள்கருப் புரதங்களோ கொழுப்பைச் சிதைக்கும் லைப்பேஸ் நொதிகளின் உறவினர்கள். எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் எல்லாக் கொசுவிலும் இருக்கும் என்ற நினைப்பும் இந்த வகைதான். அனோபிலிஸில் அவை உண்டு. ஏடிஸிலும் கியூலெக்ஸிலும் அப்படிப் பிரிந்த ஜோடி கிடையாது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் ஒரு ஜோடியில், ஒன்றின் ஒரு சிறு பகுதியே ஆண்பாலைத் தீர்மானிக்கிறது. எனவே "எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் வேகமாக மாறுகிறது" என்ற விளக்கத்தை ஏடிஸ் மரபணுவுக்கு எழுதினால், விளக்குவதற்கு அங்கே எக்ஸே இருக்காது.

வேகத்தைக் கண்டதும் "இயற்கைத் தேர்வு வேலை செய்கிறது" என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான தவறு. ஆரம்ப காலத்தில் நானும் இதைக் கூசாமல் எழுதியிருக்கிறேன். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் புரதம் மாறலாம், மாறாமலும் போகலாம். முதல் வகை மாற்றங்களின் வீதத்தை இரண்டாம் வகையின் வீதத்தால் வகுக்கிறோம். விடை 1ஐத் தாண்டினால்தான் மாற்றத்தை ஊக்குவிக்கும் தேர்வு என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஒரு மரபணுவுக்கு 0.1, இன்னொன்றுக்கு 0.5 என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வேகமானதுதான். ஆனால் அந்த வேகம் யாரும் தட்டிக்கேட்காததாலும் வரலாம். ஆணில் மட்டும் வேலை செய்யும் மரபணு, பெண்ணின் உடலில் சும்மா பயணம் செய்கிறது. அதில் விழும் பழுதுகளை வடிகட்டும் வாய்ப்பு பாதியாகக் குறைகிறது. இதற்கு நேரெதிரான பொறியும் உண்டு. புரதத்தின் நாலைந்து இடங்களில் மட்டும் தேர்வு கடுமையாக நடந்திருக்க, மற்ற இடங்கள் அமைதியாக இருந்தால் சராசரி 1க்குக் கீழேயே நிற்கும். அதனால்தான் ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடுகளையும் சேர்த்துப் பார்க்கும் மெக்டொனால்டு-கிரைட்மன் சோதனை போன்றவை தேவைப்படுகின்றன.

பல ஆண்களின் விந்தணுக்கள் ஒரே பெண்ணுக்குள் போட்டியிடுவதால்தான் விந்துத் திரவப் புரதங்கள் மாறுகின்றன என்ற விளக்கமும் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெண் பலமுறை இணைசேரும் விலங்குகளுக்கு அது பொருந்தும். ஏடிஸ் எஜிப்டியிலும் அனோபிலிஸ் காம்பியேயிலும் பெண் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறைதான் இணைசேர்கிறது. கிடைத்த விந்தணுக்களைச் சேமித்து வைத்து அத்தனை முட்டைகளுக்கும் பயன்படுத்துகிறது. போட்டி அறவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதை முதல் காரணமாக நிறுத்தும் முன் யோசிக்க வேண்டும்.

பெண்ணை மறந்துவிடுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்தும் தவறு. அனோபிலிஸ் காம்பியே ஆண், விந்தணுக்களோடு கெட்டியான ஓர் அடைப்பையும் பெண்ணுக்குள் வைக்கிறது. அதில் 20-ஹைட்ராக்சி எக்டைசோன் என்ற ஹார்மோன் நிறைய இருக்கிறது. மறுபடி இணைசேரும் நாட்டத்தை அணைப்பது அதுதான். பெண்ணின் உடலில் மிசோ என்ற புரதத்தோடு சேர்ந்து முட்டை வளர்ச்சியைத் தூண்டுவதும் அதுதான். 2015இல் ஒன்பது அனோபிலிஸ் இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அனோபிலிஸ் அல்பிமானஸ் ஆண் அடைப்பும் வைப்பதில்லை, அந்த ஹார்மோனையும் தருவதில்லை. ஆணின் பரிசு வளர்ந்த கிளைகளில் பெண்ணின் எதிர்வினையும் அதோடு சேர்ந்தே மாறியிருக்கிறது. விந்துத் திரவத்தைச் சுரக்கும் ஆணின் துணைச்சுரப்பியை மட்டும் அரைத்துப் பார்த்தவருக்கு இதில் பாதிக் கதை கிடைத்திருக்காது.

பெண்ணும் சேர்ந்தே மாறுகிறாள் என்பதற்கு இன்னொரு சாட்சி. ஆசியாவைச் சேர்ந்த ஏடிஸ் அல்போபிக்டஸ் 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நிலைகொண்டது தெரியவந்தது. அது ஃபுளோரிடாவுக்குப் பரவியதும் அங்கிருந்த ஏடிஸ் எஜிப்டி பல இடங்களில் மளமளவென்று குறைந்தது. புழுக்களுக்கிடையே உணவுப் போட்டி ஒரு காரணம். இன்னொன்று, அல்போபிக்டஸ் ஆண் தவறிப்போய் எஜிப்டி பெண்ணோடு சேர்ந்தால் வாரிசு கிடையாது. ஆனால் அந்த விந்துத் திரவம் பெண்ணைப் பிறகு தன் இன ஆணையும் ஏற்கவிடாமல் செய்துவிடுகிறது. மறுதிசையில் இது பலிப்பதில்லை. அல்போபிக்டஸ் பெண் எஜிப்டி ஆணோடு சேர்ந்தாலும் பிறகு தன் இனத்தோடு சேர்ந்துகொள்ளும். விளைவு என்ன? இரண்டும் ஒன்றாக வாழும் இடங்களில் உள்ள எஜிப்டி பெண்கள் அன்னிய ஆணை ஒதுக்கக் கற்றுவிட்டன. அடடா, "கற்றுவிட்டன" என்று எழுதிவிட்டேன் பாருங்கள், இதுவும் ஒரு தவறுதான். எந்தக் கொசுவும் கற்கவில்லை. ஒதுக்காத பெண்களுக்கு வாரிசு இல்லை, அவ்வளவே. கூண்டுகளில் வைத்துப் பார்த்தபோது இந்த எதிர்ப்பு சில தலைமுறைகளிலேயே உருவானது.

கணினித் தேடலில் ஒத்த மரபணு கிடைக்கவில்லை என்றால் "புத்தம் புதிய மரபணு" என்று அறிவித்துவிடும் பழக்கமும் உண்டு. வேகமாக மாறும் மரபணு தன் உறவினர்களோடு இருந்த சாயலையே இழந்துவிடலாம். தேடலில் அகப்படாதது இல்லாததாகிவிடாது. குரோமோசோமில் அக்கம்பக்கத்து மரபணுக்கள் யார், புரதத்தின் மடிப்பு எப்படி என்று பார்த்த பிறகே பேச வேண்டும். அதற்காகப் புதியவை இல்லவே இல்லை என்றும் போக வேண்டாம். தண்ணீர் கிடைக்காதபோது ஏடிஸ் எஜிப்டி முதிர்ந்த முட்டைகளை வாரக்கணக்கில் சூலகத்திலேயே சுமக்கும். அந்த நாள்களில் முட்டைகளைக் காப்பதில் டுவீடில்டீ, டுவீடில்டம் என்ற இரண்டு மரபணுக்களுக்குப் பங்கு இருப்பது 2023இல் வெளியானது. கொசுக்களுக்கு வெளியே அவற்றுக்கு ஒத்தவை தென்படவில்லை.

கடைசியாக, மரபணு கொசுவுடையதுதானா என்பதையே கேட்காமல் விடுவது. கியூலெக்ஸ் கொசுக்களில் சில கூட்டங்களைக் கலந்தால் முட்டைகள் பொரிக்காது. 1967இல் ஜெர்மானிய ஆய்வாளர் லாவன், பர்மாவில் ரங்கூனுக்கு அருகே ஒக்போ என்ற கிராமத்தில் பொருந்தாத ஆண் கொசுக்களை விட்டு, அங்கிருந்த கியூலெக்ஸ் கூட்டத்தை ஒழித்ததாக அறிவித்தார். இந்தப் பொருத்தமின்மை தாய்வழியாக, செல்லின் உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் வருகிறது என்பது அவருக்குத் தெரியும். அதற்குக் காரணம் கொசுவின் செல்களுக்குள் வாழும் வோல்பேக்கியா என்ற பாக்டீரியா என்று 1971இல் யென், பார் இருவரும் காட்டினார்கள். அந்த வேலையைச் செய்யும் மரபணுக்கள் பிடிபட 2017 ஆனது. கொசுவின் மரபணுத் தொகுப்பை எவ்வளவு புரட்டினாலும் அவை அங்கே கிடைத்திருக்காது. இருந்தது பாக்டீரியாவில்.