ஏழாம் நாளுக்கு ஓர் ஆள்: கடும் நோயை நண்பர்களோடு கடப்பது எப்படி

"ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்" என்று யாராவது சொன்னால், அந்த நிமிடமே ஒரு வேலையைச் சொல்லிவிடுங்கள். எனக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் இருபது பேராவது இதைச் சொல்லியிருப்பார்கள். எல்லோரிடமும் "சரி" என்றேன். ஒருவரையும் கூப்பிடவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது; என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர்களும் ஒதுங்கியே நின்றார்கள். முதல் சுற்று கீமோவை நானும் என் கணவரும் தனியாகவே கடந்தோம்.

இரண்டாம் சுற்றுக்கு முன்பு, என்னோடு 18 ஆண்டுகள் ஒரே பள்ளியில் பாடம் நடத்திய தோழி ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். வகுப்புக்குக் கால அட்டவணை போடுவதைப் போல அதில் 21 கட்டங்கள் வரைந்திருந்தாள். என் சிகிச்சை 21 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் 6 சுற்றுகள். "எந்த நாளில் உனக்கு என்ன ஆகிறது, அதை மட்டும் சொல். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முதல் வேலை இதுதான். உங்கள் மருந்துக்கு எந்த நாட்கள் கடினமானவை என்று மருத்துவரிடம் கேட்டுக் கட்டம் போடுங்கள். எனக்கு முதல் நாள் முழுவதும் மருத்துவமனையில் மருந்து ஏறும். அதில் ஒன்று அடர்சிவப்பு. ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். முன்கூட்டியே தெரிந்திராவிட்டால் ரத்தம் என்று பயந்திருப்பேன். முதல் 5 நாள் ஸ்டீராய்டு மாத்திரை, இரவில் தூக்கமே வராது. அதை நிறுத்திய ஆறாம், ஏழாம் நாட்களில் உடம்பு அப்படியே சரிந்துவிடும். ஏழிலிருந்து பதினான்கு வரை, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் காலம். அந்த நாட்களில் சளி, இருமல் உள்ளவர்கள் வாசல்வரைகூட வரக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பதினைந்துக்குப் பிறகு நல்ல நாட்கள்.

கட்டங்கள் தெரிந்ததும் ஆட்கள் தாமாகப் பொருந்தினார்கள். இரவில் விழித்திருந்து எழுதும் பழக்கமுள்ள ஒரு நண்பர், என் தூக்கமில்லாத 5 இரவுகளுக்குத் தொலைபேசியில் துணை. கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், ஏழிலிருந்து பதினான்குவரை வண்டியை வெளியூருக்கு எடுக்கவில்லை. ஏழாம் நாளுக்குத் தோழியே வந்தாள். வருவாள், என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து விடைத்தாள் திருத்துவாள், போவாள். பேச்சே தேவைப்படவில்லை. வேலை சிறியதாக, நாளும் நேரமும் குறித்ததாக இருக்கட்டும். அட்டவணையை நோயாளி பராமரிக்கக் கூடாது. வேறொருவர் கையில் அது இருக்க வேண்டும். ஸ்கேன் முடிவு போன்ற செய்திகளை எல்லோருக்கும் சொல்வதற்கும் ஒருவரை நியமித்துவிடுங்கள். ஒரே செய்தியை இருபது முறை சொல்வது, அதை இருபது முறை கேட்பதற்குச் சமம்.

நண்பர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. உளவியலாளர் சூசன் சில்க் 2013-ல் எழுதியது அது. நோயாளியை நடுவில் வைத்து வட்டங்கள் வரையுங்கள். அடுத்த வட்டத்தில் குடும்பம், அதற்கடுத்து நெருங்கிய நண்பர்கள், பிறகு மற்றவர்கள். ஆறுதல் உள்நோக்கிப் போக வேண்டும், புலம்பல் வெளிநோக்கிப் போக வேண்டும். என் கட்டிலருகே வந்து அழுத ஓர் உறவினரை நானே தேற்றி அனுப்பிய நாளில் எனக்கு உடம்பில் மிச்சமிருந்த தெம்பும் போயிற்று. என் கணவர் அழுவதற்கு ஓர் இடம் வேண்டுமே என்று தோழியின் கணவர் ஞாயிறுதோறும் அவரை நடக்க அழைத்துப் போனார். அந்த உதவியை நான் கேட்கவே இல்லை.

சிரிப்புக்கு வருகிறேன். முதல் நகைச்சுவையைச் சொல்லும் உரிமை நோயாளிக்கு, அல்லது அவர் அனுமதித்த ஓரிருவருக்கு மட்டுமே. முடி உதிர்ந்ததைப் பற்றி ஒருவர் விளையாட்டாகப் பேசியபோது எனக்கு வலித்தது. ஆனால் மருந்து ஏற்றும் பம்ப் மாட்டிய கம்பிக்குத் தோழி "இன்ஸ்பெக்டர்" என்று பெயர் வைத்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். சக்கரங்களை உருட்டிக்கொண்டு நான் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வரும். கொஞ்சம் அசைந்தால் பீப், பீப் என்று கண்டிக்கும். பள்ளி ஆய்வுக்கு வருகிறவரை அப்படியே நினைவூட்டியது. நான்காம் சுற்றில் செவிலியரே, "இன்ஸ்பெக்டருக்கு இன்று என்ன கோபம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். கருவியைக் கேலி செய்யலாம், காத்திருப்பைக் கேலி செய்யலாம். நோயாளியின் உடம்பைப் பற்றிய கேலியை மட்டும் அவராகத் தொடங்காமல் தொடாதீர்கள். நான் அழும்போதும் என்னோடு உட்காரக் கூடியவர்களிடம்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு கட்டியைக் கரைக்காது. ஆனால் உளவியலாளர் ராபின் டன்பாரின் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்களால் அதன்பின் கூடுதலாக வலி தாங்க முடிந்தது. எனக்கு அது போதும்.

நன்றியைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டும். நோய்க்கு நன்றி சொல்லும்படி யாரும் உங்களை வற்புறுத்த விடாதீர்கள். நான் நோய்க்கு ஒருநாளும் நன்றி சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். காய்ச்சல் குறிக்கும் நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதினேன், அவ்வளவே. ஒரு மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாமல் பத்து நிமிடம் போராடிய காலையில், தோழி ஒன்றும் சொல்லாமல் ஐந்து பொத்தான்களையும் போட்டுவிட்டு, கடைசியில் காலரை நீவிவிட்டாள். அன்று எழுதியது: "காலரை நீவிய கை." பொதுவாக "எல்லோருக்கும் நன்றி" என்று எழுதினால் ஒன்றும் நிகழாது, இப்படி ஒரு கையை, ஒரு குரலைப் பிடித்து எழுதுங்கள். உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று, நரம்புத்தசை நோயுள்ளவர்களை 21 நாள் தினமும் நன்றிக்குறிப்பு எழுதச் செய்தது. அவர்களுடைய மனநிலை மேம்பட்டது, தூக்கமும் சீரானது. எழுத முடியாத நாட்களில் நான் எழுதவில்லை. மூன்றாம் சுற்றில் 6 பக்கங்களின் ஓரம் வெறுமையாகவே இருக்கிறது.

ஆறாம் சுற்று முடிந்ததும் எல்லோரும் வாழ்த்திவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருக்கும் மாதங்கள்தான் எனக்கு மிகத் தனிமையாக இருந்தன. ஆகவே அட்டவணையைக் கிழித்துவிடாதீர்கள். இன்னும் மூன்று மாதத்துக்காவது கட்டங்கள் வரையுங்கள். என் தாளில் இப்போது ஒரே ஒரு வரி மிச்சம்: புதன் மாலை, நடை. தோழி ஐந்தரைக்கு வந்து நிற்பாள்.