விக்டோரியா காலப் பொறியியல் இதழ்கள்: நான் பட்டுத் தெரிந்துகொண்ட தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் ஆய்வுக் குறிப்புகளை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். பக்கத்துக்குப் பக்கம் "இன்ஜி., தொகுதி 49" என்று எழுதி வைத்திருக்கிறார், எந்த இதழ், எந்த வருடம் என்றே இல்லை. எரிச்சல் வந்தது, அவர்மேல் அல்ல, பல வருடங்களுக்கு முன் இதையே செய்த என்மேல். பக்க எண் குறித்துக்கொள் என்பது மாதிரி விஷயங்களை யாரும் சொல்லித் தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டு இதழையும் ஒன்றென்று நினைப்பது

லண்டனில் 'தி இன்ஜினியர்' 1856 ஜனவரி 4 அன்று வெளிவரத் தொடங்கியது, நிறுவியவர் எட்வர்ட் சார்லஸ் ஹீலி. அதில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர் ஜெரா கோல்பர்ன், அங்கிருந்து வெளியேறிய பிறகு 1866-இல் போட்டிக்குத் தொடங்கியது 'இன்ஜினியரிங்'. இரண்டும் வெள்ளிக்கிழமை இதழ்கள், இரண்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தொகுதி. பத்து வருட இடைவெளி என்பதால் தொகுதி எண்ணில் சரியாக 20 வித்தியாசம் வரும், வம்பே அங்கேதான். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்தைப் பற்றிப் பொறியாளர் வெஸ்ட்ஹோஃபன் எழுதிய நீண்ட கட்டுரை 1890 பிப்ரவரி 28 'இன்ஜினியரிங்' இதழில், அதாவது தொகுதி 49-இல் இருக்கிறது. நான் என் குறிப்பில் "இன்ஜி. 49" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு நூலகத்துக்குக் கடிதம் எழுதும்போது, அது 'தி இன்ஜினியர்'தான் என்று என் மனசு தானாகவே முடிவு செய்துவிட்டது. பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து, கட்டைப் பிரித்தால் 1880! ஃபோர்த் பாலம் எழும்பிய கதையைக் கேட்டவனுக்கு அதே ஸ்காட்லாந்தின் டே ரயில் பாலம் இடிந்து விழுந்த கதை வந்து சேர்ந்தது. நூலகத்தார்மேல் ஒரு தப்பும் இல்லை, கேட்டதைத்தான் அனுப்பினார்கள். சரி, அதையாவது படிப்போம் என்று படித்தேன், சுவாரசியமாகத்தான் இருந்தது, ஆனால் போன பணம் போனதுதான். இதழின் பெயரை முழுசாக எழுதுங்கள், கூடவே வருடத்தையும் எழுதுங்கள். வெறும் தொகுதி எண்ணை நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும் கோல்பர்ன் தலையில் கட்டுவது

அவர் 1870-இலேயே இறந்துவிட்டார். அதற்கப்புறம் 'இன்ஜினியரிங்' இதழை நடத்தியவர்கள் வில்லியம் மாவ், ஜேம்ஸ் டிரெட்ஜ். கையெழுத்தில்லாத தலையங்கத்தைப் பார்த்ததும் "கோல்பர்ன் சொல்கிறார்" என்று ஆரம்பிக்கிறவர்கள் தேதியை ஒருமுறை பாருங்கள்.

இதழின் தேதியைச் சம்பவத்தின் தேதியாக எழுதுவது

டே பாலம் விழுந்தது 1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வெள்ளி இதழ் வருவதற்குள் வருடமே மாறிவிட்டது, இதழின் தேதியை எழுதினால் பாலம் 1880-இல் விழுந்ததாகிவிடும்.

விளம்பரம் இல்லையென்று முடிவுகட்டுவது

இதழ்களில் விளம்பரம் இருந்தது. தொகுதியாக பைண்டிங் செய்தவர்கள் அந்தப் பக்கங்களைப் பெரும்பாலும் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.