கரு கலைந்த பின் அடுத்த கர்ப்பத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

கரு கலைந்து வீடு திரும்பிய பெண்ணிடம், ஏற்காட்டுத் தோட்டக் குடியிருப்பானாலும் சேலம் செவ்வாய்ப்பேட்டையானாலும், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பப்பாளி ஏதும் சாப்பிட்டியா, மலைப் பஸ்ஸுல போனியா?" என்பதுதான். அந்தக் கேள்வியை மனத்திலிருந்து இறக்கி வைப்பதே ஆயத்தத்தின் முதல் வேலை. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கலைந்துவிடுகின்றன. முதல் 3 மாதங்களில் கலைபவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே அதன் குரோமோசோம்களில் நேர்ந்துவிடும் பிழை. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்ததாலோ, பழுத்த பப்பாளியில் இரண்டு துண்டு தின்றதாலோ, குடம் தூக்கியதாலோ அது நேர்வதில்லை. இதை மாமியாருக்கும் நாத்தனாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியவர் கணவர். அந்தச் சுமையையும் அவள் தலையில் ஏற்றக் கூடாது.

எப்போது மறுபடி முயலலாம்? 2005இல் உலகச் சுகாதார நிறுவனம் 6 மாதம் பொறுக்கச் சொன்னது. ஆனால் பின்னர் வந்த ஆய்வுகளில், அதற்கு முன்பே கருத்தரித்தவர்களுக்குக் கூடுதல் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆகவே தொடக்க மாதங்களில் கலைந்து, வேறு சிக்கல் இல்லாதவர்களிடம், இயல்பான ஒரு மாதவிடாய் வந்து போகட்டும் என்றே இன்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது நாள் கணக்கு வைக்க உதவுகிறது. இரண்டே வாரத்தில் கருமுட்டை மறுபடி வெளிப்படலாம் என்பதால், இப்போதைக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள் அப்போதே கருத்தடையைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தப்போக்கு நிற்கும்வரை உடலுறவு வேண்டாம். மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் இன்னும் இரண்டு கோடு தெரிந்தால், அதைப் புதுக் கர்ப்பம் என்று எண்ணிக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக (கரு சரியாக வளராமல் நச்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துப் போலப் பெருகுவது) இருந்தவர்கள் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் முற்றிலும் இறங்கி, கண்காணிப்பு முடிந்தது என்று மருத்துவர் சொல்லும்வரையிலும், கருக்குழாய்க் கர்ப்பத்துக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டுக்கொண்டவர்கள் குறைந்தது 3 மாதமும் காத்திருந்தே ஆக வேண்டும்.

மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், பயாப்சி அறிக்கை இவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். மனம் நொந்த நாட்களில் இவைதான் முதலில் கிழிபடுகின்றன. அடுத்த முறை மருத்துவர் முதலில் கேட்பதும் இவற்றையே. அந்தச் சீட்டில் ரத்த வகையைப் பாருங்கள். உங்களுடையது நெகட்டிவாகவும் கணவருடையது பாசிட்டிவாகவும் இருந்தால், கலைந்த 72 மணி நேரத்துக்குள், அடுத்த கருவின் ரத்தத்தை உங்கள் உடல் எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். போடாமல் விட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் இப்போதே பார்த்துச் சரிசெய்வது நல்லது. ஃபோலிக் அமில மாத்திரையை, நாளுக்கு 400 மைக்ரோகிராம் அளவில், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும்; சர்க்கரை நோயோ வலிப்புக்கான மருந்தோ உள்ளவர்களுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும் என்பதால் அவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

கொலுசுப் பட்டறையில் பற்றவைப்புப் புகையிலும் அமிலத்திலும் நிற்பவர்களும், காப்பித் தோட்டத்தில் மருந்தடிப்பவர்களும், கணவன் மனைவி இருவருமே, முடிந்தவரை வேறு வேலைக்கு மாற்றிக் கேட்பது நல்லது. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 3 மாதம் ஆவதால், புகையையும் குடியையும் கணவர் நிறுத்த வேண்டியதும் முயற்சிக்கு முன்பே.

இரண்டு முறையோ அதற்கு மேலோ கலைந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது. கருப்பையின் அமைப்பையும், ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளையும், தேவையானால் இருவரின் குரோமோசோம்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த எதிர்ப்பொருள் இருப்பது உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்துக் கர்ப்பத்தைக் காக்க வழி இருக்கிறது. தாய்மாமன், அத்தை மகன் என்று உறவில் மணந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்கள் பலருக்குத் தெரியாத ஓர் உரிமை உண்டு. முன்பு 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலும், இப்போது அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் உள்ளபடி, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், கரு கலைந்ததற்கு 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. தோட்டத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். மருத்துவச் சான்றை அன்றே வாங்கிவிடுங்கள்.

மறுபடி நாள் தள்ளிப்போனால் உடனே பதிவு செய்துகொண்டு, முதல் ஸ்கேன் எப்போது என்று கேளுங்கள். ரத்தம் பட்டாலும், அடிவயிற்றில் ஒரு பக்கம் வலித்தாலும், தலைசுற்றினாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். மலை ஊர்களில் இருப்பவர்கள் இரவில் இறங்கி வர எந்த வண்டி கிடைக்கும் என்பதை முன்னதாகவே பேசி வைத்து, 108ஐயும் அழையுங்கள்.