ஆட்டோவைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் முன்

வெள்ளவத்தையில் 17 வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். வண்டிக்கு வருடா வருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் வந்தால் எங்கள் தரிப்பிடத்தில் எல்லோருக்கும் ஒரே படபடப்பு. காப்புறுதியோடு புகைச் சான்றிதழும் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரம் தருவார்கள். 2008இலிருந்து இதுதான் நடைமுறை. திகதி கடந்தால் அபராதமும் சேரும். அதனால் 3 கிழமை முன்னாலேயே போய்விடுங்கள். பெயிலானாலும் திருத்த நேரம் இருக்கும்.

பெற்றோல் ஆட்டோ என்றால் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, சைலன்சருக்குள் குழாயை நுழைத்து காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளப்பார்கள். பெயிலானால் அங்கே தரும் முடிவுத் துண்டைக் கசக்கி எறியாதீர்கள். எந்த அளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள், அதிலேயே வண்டிக்கு என்ன வருத்தம் என்று தெரியும். காபனோரொட்சைட்டு கூடினால் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் போகிறது: ஏர் பில்டர் அடைத்திருக்கும், சோக் முழுதாகத் திரும்பியிருக்காது, அல்லது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேட்டரில் பிழை. ஐதரோகாபன் கூடினால் பெற்றோல் எரியாமலே வெளியேறுகிறது. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

எனக்கு ஒருமுறை காபனோரொட்சைட்டில் பெயில். ஒரு கராஜில் காபரேட்டர் ஸ்குரூவைத் திருகிப் பெற்றோலைக் குறைத்து, "பாஸாகிவிட்டு வாங்கண்ணே, திரும்பத் திறந்துவிடுறன்" என்றார்கள். பாஸும் ஆகியது. ஆனால் அன்று பின்னேரமே பழையபடி திறந்தபின் அதே கறுப்புப் புகை. காலி வீதி சிக்னலில் எனக்குப் பின்னால் ஒருவர் பைக்கில் சின்னப் பிள்ளையை முன்னுக்கு இருத்தியபடி நின்றார். பிள்ளை மூக்கைப் பொத்தியது. அடுத்த நாளே வேறு இடத்தில் காபரேட்டரைக் கழற்றினோம். உள்ளே பெற்றோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி தேய்ந்து பெற்றோல் வழிந்துகொண்டிருந்தது. மாற்றியபின் லீற்றருக்கு 3 கிலோமீற்றர் கூட ஓடியது. ஒரு நாளைக்காகத் திருகுவதை விட்டுவிடுங்கள் தம்பிமாரே.

டூ ஸ்ட்ரோக் ஆட்டோ வைத்திருப்பவர்கள் பெற்றோலோடு கலக்கும் ஒயிலைக் கண்மட்டத்துக்கு ஊற்றாமல் அளந்து கலக்கவும். சைலன்சரில் ஓட்டை இருந்தால் முதலில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், குளிர்ந்த எஞ்சினோடு போகவேண்டாம். 20 நிமிடமாவது ஓடி, சூட்டோடு போய் வரிசையில் நில்லுங்கள். வரிசை நீளமென்றால் முறை வருவதற்குக் கொஞ்சம் முன் மறுபடி ஸ்டார்ட் செய்து சூடாக்குங்கள்.