ஷாங்காய் யூயுவான் தோட்டம்: போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷாங்காய் போய் வந்தவர்கள் 'யூயுவான் தோட்டம்' என்று காட்டும் படங்களில் பெரும்பாலும் தோட்டமே இருப்பதில்லை. வளைந்த கூரைகள், சிவப்பு விளக்குகள், கோணல்மாணலாகத் திரும்பும் பாலம், குளத்தின் நடுவே ஹூசின்டிங் தேநீர் மனை எல்லாமே தோட்டத்து மதிலுக்கு வெளியே இருப்பவை. அவற்றைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். தோட்டத்தின் வாசல் பாலத்தைத் தாண்டித்தான் வரும். வெளியே இருக்கும் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

அந்தக் கடைக் கட்டடங்களை நானூறு ஆண்டுப் பழமை என்று நம்பிவிடவும் கூடாது. பாணிதான் பழையது, பல கட்டடங்கள் 1990களில் எழுந்தவை. தேநீர் மனை மட்டும் உண்மையிலேயே பழையது. 1784இல் கட்டப்பட்டு, 1855 முதல் தேநீர்க் கடையாக இருக்கிறது.

உள்ளே போகிறவர்களும் அவசரப்படுகிறார்கள். பரப்பு இரண்டு ஹெக்டேர்தான், அரை மணி நேரம் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். மிங் காலத்து அதிகாரி பான் யுன்துவான், முதிய தந்தை நிம்மதியாக இருக்கட்டும் என்று 1559இல் தொடங்கி 1577இல் முடித்த இடம் இது. உட்கார்ந்து பார்க்கவே கட்டியிருக்கிறார்கள். மதிலும் வட்ட வாசலும் சன்னல் பின்னலும் ஒன்றை மறைத்து இன்னொன்றைக் காட்டும். வேகமாக நடந்தால் அத்தனையும் வெறும் சுவராகத்தான் தெரியும்.

யூ லிங்லோங் என்ற கல்லைப் பாருங்கள். மூன்று மீட்டருக்கு மேல் உயரம், உடம்பெங்கும் துளைகள். கீழே ஊதுவத்தி கொளுத்தினால் எல்லாத் துளையிலும் புகை வரும், மேலே தண்ணீர் ஊற்றினால் எல்லாத் துளையிலும் வழியும் என்பார்கள். எல்லோரும் ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். எதிரே இருக்கும் யூஹுவா மண்டபம் பானின் படிப்பறை. அங்கிருந்து பார்க்கத்தான் கல்லை அந்த இடத்தில் நிறுத்தினார். மண்டபத்துப் பக்கம் வந்து, கூட்டம் விலகும்வரை காத்திருந்து பாருங்கள். அப்போதுதான் அது சிற்பமாகத் தெரியும். தோட்டக் கலைஞர் ஜாங் நான்யாங் மஞ்சள் கற்களை அடுக்கி எழுப்பிய செயற்கை மலையும் அப்படித்தான். அவர் வேலையில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றே. குளத்தின் எதிர்க்கரையில் நின்று பார்த்தால்தான் மலை மலையாகும்.

மதில்மேல் ஓடும் டிராகனை நிமிர்ந்து பார்க்காமல் போய்விடாதீர்கள். ஓடுகளே அதன் செதில்கள்; தாடைக்குக் கீழே ஒரு சிறு தேரை வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். தியன்சுன் மண்டபத்தையும் ஒரு அழகான அறை என்று மட்டும் கடந்துவிட வேண்டாம். 1853இல் நகரைக் கைப்பற்றிய சிறுவாள் சங்கம் என்ற கிளர்ச்சிக் குழுவினர் தலைமையிடமாக வைத்திருந்த இடம் அது.

நேரத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். விளக்கு அலங்காரத்துக்காக மாலையில் வந்தால் தோட்டம் மூடியிருக்கும். காலையில் திறந்ததும் தோட்டம், பொழுது சாய்ந்தபின் கடைத்தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறையா என்று முன்பே பார்த்துவிடுங்கள். சீனப் புத்தாண்டு நாட்களிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: வரிசை கட்டி நிற்கும் ஷியாவ்லோங்பாவ் கொழுக்கட்டையில் வழக்கமாகப் பன்றி இறைச்சி இருக்கும், உள்ளே ஊறும் சாறும் அதில் வந்ததுதான். நண்டு என்று எழுதியிருந்தாலும் பன்றி கலந்திருக்கும். பக்கத்திலேயே காளானும் கீரையும் வைத்து ஆவியில் வேகவைத்த பாவ் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் பழக வேண்டும் என்று சிரித்துப் பேசி, தேநீர்ச் சடங்குக்கு அழைக்கும் முன்பின் தெரியாதவர்களுடன் போகாதீர்கள். பில் பயங்கரமாக வரும். ஜேட் என்ற பச்சைக்கல்லைத் தரம் பார்க்கத் தெரியாவிட்டால் விலை உயர்ந்ததைத் தொட வேண்டாம். பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் உங்கள் கார்டை ஊரிலேயே சேர்த்துவிடுங்கள்.

பழைய நகரம் இந்தக் கடைகளோடு முடிந்துவிடவில்லை. ரென்மின் சாலையும் ஜொங்ஹுவா சாலையும் சேர்ந்து போடும் வட்டம், ஜப்பானியக் கடற்கொள்ளையரைத் தடுக்க 1553இல் எழுப்பிய கோட்டை மதிலின் தடம். 1912 முதல் அதை இடித்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டு மேற்கே தாஜிங் மாடத்தில் நிற்கிறது. தோட்டத்திலிருந்து நடந்தே போகலாம். அங்கே கூட்டமும் குறைவு.