ஊர் வரலாறு தேடுகிறீர்களா? கோயில் சுவரில் ஆரம்பியுங்கள்

கொங்கு நாட்டில் சொந்த ஊரின் கதை தெரிய வேண்டுமானால், பேரூர், அவிநாசி போன்ற பெரிய கோயில்களுக்குக் கிளம்பும் முன் உங்கள் ஊர்ப் பழைய சிவன் கோயிலுக்குப் போங்கள். குருக்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றிக்கொண்டே அடிப்பகுதியைப் பாருங்கள். கல்வெட்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அப்புறம் தூணிலும் நிலைக்காலிலும். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது போங்கள், இல்லாவிட்டால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள், வெட்டிய கோடெல்லாம் நிழலாக எழுந்து வரும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தடவாதீர்கள்.

முதலில், மன்னனின் ஆட்சியாண்டைச் சொல்லும் 'யாண்டு' என்ற சொல்லைத் தேடுங்கள். 'வீரராசேந்திர தேவர்க்கு யாண்டு ௨௰' என்றிருந்தால், அந்தக் கொங்குச் சோழன் 1207இல் பட்டத்துக்கு வந்தவன், அவனுடைய 20ஆம் ஆண்டு, அதாவது 1226ஐ ஒட்டிய காலம். அதற்கடுத்த வரிகள்தான் எனக்கு ராஜாவைவிடப் பெரிது: இன்ன ஊரில் இன்ன கூட்டத்தில் (குலத்தில்) இன்னார், சந்தியாதீபம் என்கிற சந்தி வேளை விளக்கு எரிக்க இத்தனை பழஞ்சலாகை அச்சு (அந்தக் கால நாணயம்) கொடுத்தார் என்று, வேறெங்கும் பெயர் மிஞ்சாத ஒருவர் அங்கே இருப்பார். திருப்பணியில் பிரித்து மாட்டிய கல் தலைகீழாகவும் படிக்கட்டாகவும் கிடக்கும், அதையும் விடாதீர்கள்.

கோயிலுக்கு வெளியே ஊர் எல்லையில், தோட்டத்து வேலியோரம் புலிகுத்திக்கல் இருக்கிறதா என்று ஆடு மேய்க்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலியை ஒருவன் ஈட்டியால் குத்துவான், அவனுடைய கொண்டை பக்கவாட்டில் சரிந்திருக்கும். கால்நடைப் பட்டியைக் காக்கப் போய் உயிர்விட்டவர்களுக்கு நட்ட கல் அது.

கொஞ்சம் பழகியதும் விஜயமங்கலத்துச் சமணக் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள், ஊரில் நெட்டைக் கோபுரம் என்றால் வழி சொல்வார்கள். காங்கயம் மாட்டினத்தை வளர்த்தெடுத்த பழையகோட்டைப் பட்டக்காரர் (பரம்பரைத் தலைவர்) மாதிரியான குடும்பங்களின் அரண்மனைகளும் இந்தப் பக்கம் உண்டு. ஆனால் அவை ஆள் வாழும் வீடுகள், அனுமதி கேட்காமல் உள்ளே போக வேண்டாம்.

எடுத்த படங்களைத் தொல்லியல் துறையின் மாவட்டவாரிக் கல்வெட்டுத் தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கல் அதில் இல்லையென்றால் இடத்தைக் குறித்து, படத்தோடு துறைக்கு எழுதிவிடுங்கள், அடுத்த கும்பாபிஷேகத்துக்கு யாராவது சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால்.